அவரென்ன விருந்தாளியா

எங்கள் பக்கத்தில் குடும்பங்கள் சொத்துத் தகராறில்தான் உடைகின்றன என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்து பாதிக் குடும்பங்கள் உடைந்தது வாசலில். கல்யாண வீட்டுக்குப் போனோம், வாங்க என்று ஒருத்தர் கேட்கவில்லை. சடங்கு வீட்டுக்குப் போனோம், பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இவ்வளவுதான் காரணமாக இருக்கும். இதற்காகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் இருபது வருடம் பேசாமல் இருந்திருக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நான் படித்தவள், முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியவள். இந்த அற்ப விஷயமெல்லாம் என்னைத் தொடாது என்று வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் என் அண்ணனுக்கும் பதினோரு வருடம் பேச்சு இல்லை. காரணம் அதேதான்.

அண்ணன் பூம்பாறையில் பூண்டு விவசாயி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அப்பாவும் அம்மாவும் விடிந்தால் பூண்டுக் காட்டில் இருப்பார்கள். என்னைக் குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது, அழ அழப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனது எல்லாம் அவர். அந்தக் குளிரில் தலைக்குக் குளிப்பது வாரத்துக்கு ஒரு நாள் நடந்தாலே பெரிய காரியம். எனக்குத் தலை முழுக்கப் பேன். வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து, பூண்டுப் பாத்தியின் வரப்பில் உட்கார்ந்து, என்னை முன்னால் உட்காரவைத்துப் பேன் சீப்பால் வாரிவிடுவார். பதினேழு வயது ஆள் தங்கைக்குப் பேன் பார்க்கிறான் என்று கூட்டாளிகள் கேலி பேசுவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். “தலையை ஆட்டாத பாப்பா” என்று மண்டையில் ஒரு குட்டு வைப்பார். வெயிலும் அந்த விரல்களும் சேர்ந்து கொடுத்த சுகத்தில் நான் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன்.

எனக்குச் சடங்கு சுற்றிய நாளோடு அது நின்றுபோனது. யாரும் அவரிடம் நிறுத்தச் சொன்னதாக நினைவில்லை. வயசுக்கு வந்த தங்கையைத் தொட்டுப் பேசக்கூடாது என்பது எங்கள் வீடுகளில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் தலையைப் பின்னுகிற வேலை அம்மாவுக்குப் போனது. அண்ணனுக்கு என்னிடம் மிச்சமிருந்தது பேச்சு மட்டும், அதுவும் அவரிடம் கொஞ்சம்தான் உண்டு. பள்ளி விட்டு வந்தால் “வா பாப்பா” என்பார். பிறகு கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்தபோதும், கல்யாணமாகி அட்டுவம்பட்டிக்குக் குடிபோனபின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தபோதும், தெருமுனையில் என் தலை தெரிந்ததுமே கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்று “வா பாப்பா” என்பார். அதற்கப்புறம் அவர் வாய் திறக்க மாட்டார். வராத சோலியெல்லாம் வந்துவிட்ட மாதிரி காட்டுக்குப் போய்விடுவார். அந்த இரண்டு சொல்லில்தான் மற்ற எல்லாமே இருந்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் குரங்குகள் அதிகம். சுற்றுலா வருகிறவர்கள் கொடுத்துக் கொடுத்துக் கெடுத்துவைத்த கூட்டம். பக்கத்து வீட்டுத் தகரக் கூரைமேல் ஒரு ரொட்டிப் பாக்கெட்டுக்காக இரண்டு குரங்குகள் கடித்துக் குதறிக்கொள்ளும். ஒன்றுக்குக் காதில் ரத்தம் வழியும். இனி இந்த ஜென்மத்தில் இரண்டும் சேராது என்று தோன்றும். என் அடுப்பில் குக்கர் நாலு விசில் அடித்து முடிப்பதற்குள் ஒன்று நகர்ந்து நகர்ந்து மற்றதன் அருகே வந்து, உதட்டைச் சப்புக்கொட்டி, முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காரும். கடித்த அதே குரங்கு அந்த முதுகு முடியைப் பிரித்துப் பேன் பார்க்க ஆரம்பிக்கும். யார் முதலில் வந்தது என்று அங்கே யாரும் கணக்கு வைப்பதாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் வகுப்பில் விஸ்தாரமாகச் சொல்வேன். பரிணாமம் நடத்தும்போது பிள்ளைகள் மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றுதான் ஒவ்வொரு வருடமும் எழுதும். இரண்டுக்கும் முன்னோர் ஒன்று, நாமும் அதுகளும் பங்காளிகள் என்று ஒவ்வொரு வருடமும் திருத்துவேன். கூட்டமாக வாழ்கிற பிராணிக்குச் சண்டை போடத் தெரிவது பெரிய விஷயமில்லை, சண்டைக்கப்புறம் சேரத் தெரியவேண்டும், சேரத் தெரியாத கூட்டம் சிதறிப் போயிருக்கும், நாமெல்லாம் சேரத் தெரிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் என்று சொல்வேன். எனக்குப் பிடித்த பாடம் அது.

ஒரு வருடம், முதல் வரிசைப் பெஞ்சிலிருந்த ஒரு பெண் எழுந்து கேட்டாள். “அப்ப மனுசங்களுக்கு முதுகுல முடியே இல்லையே டீச்சர், நாம எப்படிச் சமாதானம் ஆவோம்?” வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்று சொல்லி, நமக்குப் பேச்சு இருக்கிறது, விரல் செய்த வேலையை மனிதனுக்கு நாக்கு செய்கிறது என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள், நல்லாயிருக்கியா, சாப்பிட்டியா, வா, உட்காரு, இதெல்லாம் நாம் ஒருத்தருக்கொருத்தர் பார்க்கிற பேன்தான் என்று விளக்கினேன். அந்தப் பெண் திருப்தியாக உட்கார்ந்துவிட்டாள். விலங்குக்கு உடம்பிலேயே இருப்பதை மனிதன் ஊரிடமிருந்து கற்றுக்கொள்கிறான், ஊருக்கு ஊர் அதன் சட்டம் மாறும், சட்டம் தவறினால் அந்தச் சொல்லே விஷமாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அதை நான் பாடத்தில் படிக்கவில்லை.

என் மகளுக்குப் பழனியில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். ஆவணி மாதம், விடிகாலை முகூர்த்தம். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் சீர் தட்டு எடுத்து வந்தால் நேரே மண்டபத்துக்குள் நுழைய மாட்டார். ஆட்களோடு தெருவில் நிற்பார். பெண்ணைப் பெற்றவர்கள் மேளத்தோடு எதிரே போய், சந்தனம் குங்குமம் கொடுத்து, வாங்க என்று வாய் நிறையச் சொல்லி அழைத்துவர வேண்டும். அதிலும் கூடப்பிறந்தவள் வந்து அழைக்க வேண்டும்.

அண்ணன் பூம்பாறையிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்களையும் இருபத்தொரு தட்டுச் சீரையும் ஏற்றிக்கொண்டு இருட்டிலேயே கிளம்பியிருக்கிறார். மலைப்பாதையில் மூடுபனி. ஒரு வளைவில் லாரி குறுக்கே நின்றுவிட்டதாம். அவர்கள் வந்து சேர்ந்தபோது முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம்கூட இல்லை. உள்ளே எனக்குத் தலைக்குமேல் வேலை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், ஐயர் ஒரு பக்கம், மகளுக்குக் கூந்தலில் வைத்த பூ நிற்கவில்லை என்று அழுகை ஒரு பக்கம். மேளக்காரர்கள் மாப்பிள்ளையை மேடைக்கு அழைப்பதில் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து என் கொழுந்தனார் வந்து, பூம்பாறை ஆட்கள் சீரோடு வாசலில் நிற்கிறார்கள், நீங்கள் வந்து அழைக்கவேண்டுமாம் என்றார்.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அவரென்ன விருந்தாளியா? அவரு வீட்டுக் கல்யாணம். வெரசா உள்ள வரச் சொல்லுங்க” என்றேன்.

என் கொழுந்தனார் நல்ல மனிதர். ஒரு எழுத்துக்கூட மாற்றாமல், தலையில் தட்டோடு தூறலில் நின்ற அத்தனை பேரும் கேட்கும்படி, அதைப் போய்ச் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் இன்னும் கொஞ்ச நேரம் அதே இடத்தில் நின்றிருக்கிறார். நான் வருவேன் என்று நின்றாரா, திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்து நின்றாரா, அது எனக்குத் தெரியாது. பிறகு ஆட்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே வந்தார். மகளுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போனார். தாலி கட்டும்போது எல்லோரோடும் சேர்ந்து அட்சதை போட்டார். ஒரு மாமன் செய்ய வேண்டியது எதிலும் குறை வைக்கவில்லை. எனக்கு மனசு நிறைந்திருந்தது. முதல் பந்தியில் அவருக்கென்று ஓர் இலை போட்டு, வேறு யாரும் உட்கார்ந்துவிடாமல் ஆளைக் காவல் வைத்தேன். இலை காலியாகவே கிடந்தது. என் கணவர் தெருவுக்கு ஓடினார். வேன்கள் போய்விட்டிருந்தன. வந்தவர்களில் ஒருவர்கூடக் கை நனைக்கவில்லை.

எங்கள் ஊர்களில் விசேஷ வீட்டில் சாப்பிடாமல் போவதற்கு ஒரே அர்த்தம்தான்.

இப்போது நிதானமாக யோசித்தால் இரண்டு பேர் பக்கமும் எனக்குத் தெரிகிறது. என் மனசில் அண்ணன் உள்ளாள். உபசாரமெல்லாம் வெளியாளுக்கு, வீட்டு மனிதரை யாராவது வாங்க வாங்க என்று அழைப்பார்களா? அந்த நினைப்பில்தான் வாயை விட்டேன். ஆனால் தாய்மாமனுக்கென்று வழக்கம் அந்த ஒரு நாளைத்தான் ஒதுக்கியிருக்கிறது. தொட்டு வளர்த்த தங்கையைத் தொடாமல் இரு என்று சொன்ன அதே ஊர், வருடங்கள் கழித்து ஒரு நாள் அவரைத் தெருவில் நிற்கவைத்து, அந்தத் தங்கையை எல்லோர் முன்னாலும் இறங்கி வந்து அழைக்கச் சொல்கிறது. இவருக்கு நான் யார், எனக்கு இவர் யார் என்று ஊர் பார்க்கிற நாள் அது. அன்றைக்குத்தான் நான் இறங்கி வரவில்லை. எத்தனையோ வருடம் எனக்காக வாசலுக்கு வந்து நின்றவருக்கு, ஒரே ஒரு தடவை நான் வாசலுக்குப் போக வேண்டியிருந்தது.

அன்றைக்கு இந்த நிதானமெல்லாம் எனக்கில்லை. மூன்றாம் நாள் போன் செய்தேன். மதினிதான் எடுத்தது. “வாசல்ல நிக்க வச்சுட்டியே பாப்பா, சம்பந்தகாரங்க முன்னாடி மனுசன் கூசிப்போயிட்டாரு” என்றது. தப்பாகிவிட்டது மதினி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். எனக்கு வாய் நீளம். நான் என்ன சும்மா உட்கார்ந்திருந்தேனா, கூடப்பிறந்தவளின் கஷ்டம் தெரியாதவர் என்ன அண்ணன், சாப்பிடாமல் போய் என்னை அவமானப்படுத்தியது அவர்தான் என்று பொரிந்துதள்ளிவிட்டு வைத்துவிட்டேன். மதினி அதை அவரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டது.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போனது. பூம்பாறைத் தேருக்கு வருடம் தவறாமல் போகிறவள், அந்த வருடம் போகவில்லை. மறு வருடமும் போகவில்லை. அவருடைய மகன் கல்யாணத்துக்கு மகனே பத்திரிகையை எடுத்துக்கொண்டு வந்தான். பெரியவர்கள் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத கல்யாணத்துக்கு எப்படிப் போவது என்று நானும் இருந்துவிட்டேன். குக்கர் விசில் கணக்கில் முடியவேண்டிய சண்டையை, படித்த நானும் படிக்காத அவரும் சேர்ந்து வருடக் கணக்கில் இழுத்தோம். குரங்குக்குக் கௌரவம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கூட்டத்தில் யார் பெரியவர் என்று அதற்கும் நன்றாகத் தெரியும். பழைய கௌரவத்தைப் பத்திரப்படுத்திவைக்கிற வித்தைதான் அதற்குத் தெரியாது.

மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசியில் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். எதிர் ஓரத்தில் டீக்கடை. அங்கே கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு அண்ணன் நின்றுகொண்டிருந்தார். எட்டு வருடத்தில் ஆள் பாதியாகிவிட்டார். குல்லாய்க்கு வெளியே தெரிந்த முடியெல்லாம் வெள்ளை. என்னைப் பார்த்தார். நான் பஸ் வருகிற திசையைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் டீ மாஸ்டர் ஒரு கிளாஸைக் கையால் மூடிக்கொண்டு மழையில் ஓடிவந்தார்.

“டீச்சர், அந்தா நிக்கிறாரே பூம்பாறைக்காரரு, உங்களுக்குக் குடுக்கச் சொன்னாரு. இஞ்சி தூக்கலா போடச் சொன்னாரு” என்றார்.

இஞ்சி தூக்கலாகப் போட்ட டீ எனக்குப் பிடிக்கும் என்பதை அவர் மறக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடைக்காரரிடம் ஏதோ பேசுகிற மாதிரி நின்றிருந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பத்தடி தூரம் நடந்து வந்து, குடி பாப்பா என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாதா, டீக்கடைக்காரர் மூலமாகத்தான் என்னிடம் பேச வேண்டுமா? வேண்டாம், கொண்டுபோய் அவருக்கே கொடுங்கள் என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தேன். வீடு வந்து சேரும்வரை ஜெயித்த மாதிரி இருந்தது.

என் கணவர் அதிகம் பேசாதவர். முப்பது வருடமாக என் குரங்குப் பாடத்தைச் சோறு சாப்பிடும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பவர். நடந்ததை ஆவேசமாகச் சொல்லி முடித்தேன். அவர் ஈரமான என் முந்தானையைப் பார்த்தபடி, “மனுசன் வந்து முதுகைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்காரு. நீ போய் இன்னொரு கடி கடிச்சுட்டு வந்துருக்க” என்றார். அன்றிரவு அவரோடும் நான் பேசவில்லை. ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த முறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் நானே போய் டீ வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். காரணமில்லாமல் இரண்டு மூன்று நாள் அந்தப் பக்கம் போய் நின்றும் பார்த்தேன். பூம்பாறை பஸ் வரும், ஆட்கள் இறங்குவார்கள், அவர் இருக்க மாட்டார். அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் அவர் வீட்டில் இருந்திருப்பேன். ஏறவில்லை.

போன கார்த்திகையில் அண்ணன் மகன் போன் செய்தான். அப்பாவுக்கு நெஞ்சுச் சளி முற்றி, மதுரையில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம், மூச்சுதான் ரொம்ப வாங்குகிறது, வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள் என்றான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அப்போதும் என் வாய் என்ன கேட்டது தெரியுமா?

“அவரு வரச் சொன்னாரா?” என்று கேட்டேன்.

“அவரு சொல்லல அத்தை. நாந்தான் கூப்பிடுறேன்” என்றான். பொய் சொல்லத் தெரியாத வளர்ப்பு. சரி, பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

போகக்கூடாது என்று நான் நினைக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று சொல்லிக்கொண்டேன். அதற்குள் அவரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவார் என்று ஒரு நப்பாசை. குளிக்கப் போகும்போதுகூட போனைக் கூடவே எடுத்துப் போனேன். பழங்கள் வாங்கிவைத்தேன். அந்த ஞாயிறு உறைபனி என்று ஒரு சாக்கு, அடுத்த ஞாயிறு மகள் ஊரிலிருந்து வந்திருக்கிறாள் என்று ஒரு சாக்கு. பழங்கள் அழுகி, குரங்குகளுக்குப் போட்டேன்.

மார்கழி பிறந்த நாலாம் நாள் வெள்ளனே மறுபடி போன் வந்தது. “அத்தை, அப்பா போயிட்டாரு” என்றான். யார் சொல்லச் சொன்னது என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை. எங்கள் வழக்கத்தில் சாவுக்கு யாரும் அழைப்பு எதிர்பார்ப்பதில்லை. சேதி காதில் விழுந்தால் கிளம்ப வேண்டியதுதான். பதினோரு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த வழி அப்படித்தான் திறந்தது.

மாலையும் வேட்டியும் வாங்கிக்கொண்டு நானும் கணவரும் போய் இறங்கியபோது பூம்பாறையில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. பாத்திகளில் பூண்டு பச்சையாக நின்றது. தெருமுனையில் திரும்பியதுமே என் கண் வாசலுக்குத்தான் போனது. அந்த இடத்தில் பந்தல் போட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. ஆண்கள் துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் என்னைத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு வழி விட்டார்கள். வாசல் வரைக்கும் போய் என் கால் நின்றுவிட்டது. நான் எதற்கு நிற்கிறேன் என்று எனக்கே ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்த வாசலில் அந்தச் சொல்லைக் கேட்காமல் உள்ளே போய் என் காலுக்குப் பழக்கமில்லை.

சாவு வீட்டில் யாரையும் வாங்க என்று சொல்லக்கூடாது. வருகிறவர்கள் தாமாக வரவேண்டும். இது எனக்குத் தெரியாததில்லை, நானே எத்தனையோ சாவு வீடுகளில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் கணவர் பின்னாலிருந்து மெதுவாக, போ என்றார். போனேன்.

உள்ளே பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் மதினி எழுந்து வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. துக்கத்துக்கு வருகிற பெண்ணைக் கட்டிக்கொண்டு அழவேண்டும், பகையாளியாக இருந்தாலும் அழவேண்டும். வழக்கத்துக்காக அழுகிறதா, என்னை மன்னித்துவிட்டு அழுகிறதா என்று தெரியாமல் நானும் அழுதேன். கொஞ்ச நேரத்தில் அந்த யோசனை நின்றுபோனது. மதினியின் விரல்கள் என் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தன. பதினோரு வருடமாக அந்த வீட்டு ஆள் ஒருவரின் கை என்மேல் பட்டதில்லை.

“கதவையே பாத்துக்கெடந்தாரு பாப்பா” என்றது. “காலடிச் சத்தம் கேட்டா ஆருன்னு கேப்பாரு.”

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மீதியையும் சொன்னது. மகன் எனக்குப் போன் செய்துவிட்டு உள்ளே வந்து, நீங்க வரச் சொன்னீங்களான்னு அத்தை கேக்குதுப்பா, சொன்னீங்கன்னு மறுபடி பேசி வரச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறான். அதற்கு அண்ணன், “அவ என்ன விருந்தாளியா? அவ வீடு. அவ வருவா” என்றாராம்.

எனக்கு அழுகை நின்றுவிட்டது. மதினியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். எப்படிச் சொன்னார், கோபமாகச் சொன்னாரா, சிரித்துக்கொண்டு சொன்னாரா என்று கேட்டேன். என் வார்த்தையை எனக்கே திருப்பிக் கொடுத்தாரா, அல்லது அன்றைக்கு மண்டபத்தில் நான் என்ன நினைத்துச் சொன்னேன் என்பது அவருக்குக் கடைசியில் விளங்கிவிட்டதா? அதற்குப் பதில் கிடைத்தால் போதும், வேறு எதுவும் எனக்கு வேண்டாம் என்று இருந்தது.

மதினி யோசித்துப் பார்த்தது. “தெரியல பாப்பா. மூச்சு அப்படி வாங்குச்சு. சொன்னதே பெரிசு” என்றது.

அண்ணனைக் கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தார்கள். கூடப்பிறந்தவள் என்பதால் தலைமாட்டில் எனக்கு இடம் விட்டார்கள். தாடையைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணிக்குள் முகம் சின்னதாக இருந்தது. முடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. ஒதுக்கிவிடலாம் என்று கையை வைத்தவள் எடுக்கவில்லை. விரல்களை உள்ளே விட்டு, முடியைப் பிரித்துப் பிரித்து ஒதுக்கிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வயசுக்கு வந்தபின் நான் அவரைத் தொட்டது அன்றைக்குத்தான். செத்தவரைத் தொடத் தடையில்லை. அண்ணன் தலையை ஆட்டவில்லை.

மத்தியானத்துக்குமேல் எடுத்தார்கள். ஆண்கள் தூக்கிக்கொண்டு போனபின் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். நானும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். ஈரச் சேலையோடு கிளம்பும்போது மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்தது, நானும் பார்த்தேன். அந்த வாசற்படியில் இறங்குகிறபோதெல்லாம் உள்ளே திரும்பி, வரேண்ணே என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். பழக்கத்தில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. சாவு வீட்டில் அதையும் சொல்லக்கூடாது. சொல்லாமல் இறங்கிப் போய், தெருமுனையில் நின்ற வண்டியில் ஏறிக்கொண்டேன்.